‘ப’வும் ‘ம’வும் வராத அண்ணனுக்கு

என் பிரியமான செல்லத்துரை அண்ணே,

நீ இருந்த காலத்தில் நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நானாக உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பயம்தான், வேறொன்றும் இல்லை. திங்கட்கிழமை கௌசல்யாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. இந்தப் பயத்தைச் சொன்னால் புரிந்துகொள்ள உன்னைவிட்டால் எனக்கு ஆள் தெரியவில்லை.

கௌசல்யா யாரென்று உனக்குத் தெரியாதில்லையா? நான் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கமே தங்கிவிட்டேன். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கண் தெரியாத பிள்ளைகளுக்கும் கைகால் வசப்படாத பிள்ளைகளுக்கும் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே போய் என்னால் ஆனதைச் செய்கிறேன். கௌசல்யா அங்கே வருகிற பெண், விவசாயக் குடும்பம். உன்னைப் போலவே பிறக்கும்போது மூச்சு முட்டியதில் கையும் வாயும் அவள் சொன்னபடி கேட்பதில்லை. பாடமெல்லாம் தலைக்குள் இருக்கிறது. அதைத் தாளில் இறக்கத்தான் வழியில்லை.

இப்போது அதற்கு ஒரு வழி வந்திருக்கிறது, அண்ணே. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேசினால், பேசியதை அதுவே எழுத்தாக்கித் திரையில் காட்டிவிடும். கேட்டு எழுத ஆள் வேண்டாம். நீ நம்பமாட்டாய். நானும் நம்பவில்லை. கௌசல்யாவின் அம்மாவும் நம்பவில்லை.

“ஏனுங்க டீச்சர், என்ற புள்ள பேசறது அவ மாமனுக்கே வெளங்கறதில்லீங்க. இந்தப் பொட்டிக்கு வெளங்குமுங்களா?” என்று அவர் கேட்டார்.

விளங்கவில்லை என்பதுதான் நிஜம். முதல் நாள் கௌசல்யா, “நான் ஊட்டுக்குப் போறேன்” என்றாள். கருவி, “நான் ஊட்டிக்குப் போறேன்” என்று எழுதியது. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அவள் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்குவாள். அந்த இடைவெளியில் வாக்கியம் முடிந்துவிட்டது என்று நினைத்து அது கேட்பதையே நிறுத்திவிடும். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள், திரை வெறுமையாக இருக்கும். அப்போது மட்டும் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிலிருந்து தினமும் வேலைதான். ஒலிவாங்கியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, அவள் குரலில் வாக்கியங்களைப் படிக்க வைத்து அதற்குப் பழக்குவது, பாடப் புத்தகச் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது, பேச்சு நின்றால் அது இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கும்படி மாற்றுவது. இதையெல்லாம் செய்யும்போது உன் ஞாபகம்தான். ஒரு குரலுக்குக் காதைப் பழக்குவது எனக்குப் புதிய வேலையில்லையே.

உனக்கு நான் பழகிய கதை உனக்குத் தெரியும். ஆனால் நான் எவ்வளவு பயந்தேன் என்பது தெரியுமா?

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். கேரளத்து மலையில், ஆனைக்கரைக்கு அந்தப்பக்கம், நம் வீட்டார் வேலை பார்த்த ஏலத்தோட்டம். நான் ஒன்பதாம் வகுப்பு. நீ பத்தாம் வகுப்பு, ஆனால் வயதில் என்னைவிட ரொம்பப் பெரியவன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே உன் அம்மா பேச்சியம்மா அத்தை வருஷக்கணக்கில் நடந்ததால் வந்த தாமதம் அது. உன் ஐயா உன்னை முதுகில் தூக்கிவந்து பெஞ்சில் உட்கார வைப்பார். அதுவரை வாத்தியார்கள் உன்னிடம் கேள்வி கேட்டு, ஆமாம் இல்லை என்று தலையாட்ட வைத்தே பாஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அது செல்லாது. நீ வாயால் சொல்ல, உனக்குக் கீழ் வகுப்பில் படிக்கிற ஒருவர் எழுதலாம், சொந்தக்காரராக இருக்கக்கூடாது என்று அனுமதி வந்தது. அத்தை, மாமா என்று கூப்பிட்டாலும் நமக்குள் சொந்தமில்லை; வேகமாக எழுதுகிறவள் என்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

எனக்கு உன்னைக் கண்டாலே நடுக்கம், அண்ணே. உன் கை திடீரென்று வெட்டி இழுக்கும். வாய் கோணும். சத்தம் தொண்டையிலிருந்து வரும். சின்னப் பிள்ளைகள் உன் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போவோம். ‘முடியாது சார்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாசலில் பேச்சியம்மா அத்தை நின்றது.

“ஆத்தா, எம் மகன் பேசுறது நாலு நாளு காதுல விழுந்தாப் பிடிபட்டுரும். அவனும் உனக்கு அண்ணன்தானத்தா” என்றது.

பிறகு அத்தை என் அப்பாவிடம் இரகசியமாகச் சொன்னது எனக்கும் கேட்டது. பரீட்சையில் தேறாவிட்டால் உன்னை உன் சித்தப்பா மலைக்குக் கீழே கூட்டிப்போகக் காத்திருக்கிறார். “கோயில் வாசல்ல உக்கார வச்சாப் பாவம் பாத்துப் போடுவாங்க, அவன் வயித்தப் பாட்டை அவனே பாத்துக்குருவான்” என்று சொல்லிவிட்டாராம். ஐயா மறுத்துப் பேசவில்லையாம். பரீட்சை முடியட்டும் என்று மட்டும் சொன்னாராம்.

அன்றிலிருந்து என் பயம் இரண்டாகிவிட்டது. உன்னைக் கண்டு ஒரு பயம். உனக்காக ஒரு பயம்.

குளிரில் உன் தாடை இறுகிப்போகும். அதனால் பள்ளி விட்டதும் நாம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் உட்காருவோம். என் அப்பாவுக்கு அங்கே அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. கதகதப்பில் உன் உடம்பு இளகும், பேச்சும் இளகும். முதல் நாள் நான் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன், எழுந்து ஓட வசதியாக. நீ பேச ஆரம்பித்ததும் உன் கை வீசி என் நோட்டைத் தட்டிவிட்டது. நிஜமாகவே வெளியே ஓடிவிட்டேன். செடிகளுக்கு நடுவே மழையில் நின்றேன். காலில் அட்டை ஏறியது. அப்பா வெளியே வந்து அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, “அட்டைக்குப் பயப்படு, சரி. அவனுக்கு எதுக்குத்தா பயப்படுற?” என்று உள்ளே கூட்டிப்போனார். நீ தலையைத் தொங்கப் போட்டிருந்தாய்.

உன் குரலைப் பிரித்துப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆனது. உன் உதடுகள் ஒன்றோடு ஒன்று சேரா. ஆகவே ‘ப’ வராது, ‘ம’ வராது. அந்த எழுத்துகள் விழுந்துவிட்டால் மிச்சம் என்ன இருக்குமோ அதுதான் வரும். மழை என்றால் அழை. பாலையும் ஆலை, மாலையும் ஆலை, ஆலையும் ஆலை. பூகோளப் பாடத்தில் ஒருநாள் நீ பாலைவனம் சொல்ல, ‘ஆலை’ என்று காதில் விழுந்ததை வைத்து நான் பஞ்சாலை எழுதிவிட்டேன். நீ சிரித்து உருண்டாய். நான் அழுதேன். பரீட்சையில் இப்படி எழுதினால் உன்னைக் கோயில் வாசலுக்கு அனுப்புவது நான்தானே?

வழி கண்டுபிடித்தது நீதான். ‘ப’ வருகிற இடத்தில் தலையைப் பின்னால் சாய்ப்பாய். ‘ம’ வருகிற இடத்தில் கண்ணை மூடுவாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாம் மழைவெள்ளம் மாதிரி ஓடினோம். என் கை வலிக்கும்வரை நீ பேசுவாய். நான் கதவை விட்டு நகர்ந்து உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது எந்த நாளில் என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

பரீட்சை வேறு ஊர்ப் பள்ளியில். அதிகாலைப் பனியில் ஐயா உன்னை ஜீப்பில் ஏற்றினார். வளைவுகளில் நீ வாந்தி எடுத்தாய். கை சில்லிட்டிருந்தது. தனி அறையில் நம் இருவரையும் உட்கார வைத்தார்கள். மேற்பார்வைக்கு ஒரு மலையாளி வாத்தியார். நாற்காலியை நம் எதிரிலேயே போட்டுக்கொண்டார்.

நீ முதல் விடையைச் சொல்ல ஆரம்பித்தாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அதுவரை நான் பழகியது ஸ்டோரின் கதகதப்பில் உட்கார்ந்து பேசுகிற செல்லத்துரையின் குரலுக்கு. பயந்துபோன செல்லத்துரையின் குரல் வேறு மாதிரி இருந்தது. சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. நான் திருப்பிக் கேட்டேன். நீ இன்னும் இறுகினாய். உன் தலை பின்னால் சாய்கிறது, கண் மூடுகிறது, அது ‘ப’வா ‘ம’வா, இல்லை உடம்பு தானாக வெட்டுகிறதா? எப்படியோ பிடித்துப் பிடித்து எழுத ஆரம்பித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம் வந்தது. அப்போதுதான் அந்த வாத்தியார் எழுந்து என் தாளை எடுத்துப் பார்த்தார்.

“எந்தா இது? அவன் ஒன்னும் பறயுன்னில்லல்லோ. நீயல்லே எழுதுன்னது?”

அவன் ஒன்றும் சொல்லவில்லை, நீதானே எழுதுகிறாய் என்று கேட்கிறார். அவன் சொல்வதைத்தான் எழுதுகிறேன் என்றேன். “பின்னே இந்தத் தலையாட்டலும் கண்ணடப்பும்?” என்றார். சைகை காட்டி ஏதோ தில்லுமுல்லு செய்கிறோம் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. தாளைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே போய் மையத்தின் தலைமை அதிகாரியை அழைத்துவந்தார்.

நீ என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்தாய். அங்கே ஐயா மரத்தடியில் குந்தியிருந்தார்.

வந்தவர் வயதானவர். கோபமாகப் பேசவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. “உன்னோடு எனக்கு விரோதமில்ல மோளே. பக்ஷே எனக்கு நிச்சயமாகணும்” என்று பாதித் தமிழில் சொன்னார். ஒரு துண்டுத் தாளில் எதையோ எழுதி, எனக்குத் தெரியாமல் உனக்கு மட்டும் காட்டினார். நீ அதை வாயால் சொல்ல வேண்டும், நான் கேட்டு எழுத வேண்டும். தலை அசையக்கூடாது, கண் மூடக்கூடாது. உன் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளும்படி அந்த வாத்தியாரிடம் சொன்னார். அவர் உன் பின்னால் வந்து இரண்டு கன்னத்திலும் கை வைத்துப் பிடித்தார். உன் கண்கள் விரிந்தபடி நின்றன.

நீ சொன்னாய். “என்றெ கண்ணட வீட்டில் அறந்நு ஓயி.”

மலையாளம்! அவர் மலையாளத்தில் எழுதியிருக்கிறார். பள்ளியில் நீ அதைப் படித்திருந்தாலும், உன் வாயிலிருந்து நான் மலையாளமே கேட்டதில்லை, அண்ணே. கடையிலும் ஜீப்பிலும் கேட்கிற மலையாளம் எனக்குப் புரியும். ஆனால் உன் தொண்டையில் வந்தபோது அது எதுவாகவும் இல்லை. அறந்நு ஓயி. அறந்நு ஓயி. என் காது இரைந்தது.

“மறுபடி சொல்லுண்ணே” என்றேன். நீ அதையே சொன்னாய். எனக்குப் பிடிபடவில்லை.

“கண்டோ சார்?” என்றார் பின்னால் நின்றவர். பார்த்தீர்களா என்று.

பேனா என் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தேன். நிமிர்ந்தபோது நீ என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாய். மூச்சை உள்ளே இழுத்துவிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, வேறு ஏதோ சொன்னாய். தமிழில்.

“என்… கண்ணாடிய… வீட்டுல… விட்டுட்டு… வந்துட்டேன்.”

ஒரு ‘ப’ இல்லை. ஒரு ‘ம’ இல்லை. எல்லாம் உன் வாய்க்கு வருகிற எழுத்துகள், என் காதுக்குப் பழகிய எழுத்துகள். நான் எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. பெரியவர் துண்டுத் தாளையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது அல்லல்லோ எழுதியது” என்றார் வாத்தியார். எழுதிக் காட்டியது இது இல்லையே.

‘என் மூக்குக் கண்ணாடி வீட்டில் மறந்துபோய்விட்டது’ என்றுதான் பெரியவர் மலையாளத்தில் எழுதியிருந்தார். நீ அதையே வேறு சொற்களில் மாற்றிச் சொல்லியிருக்கிறாய். அவருக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. அந்த ஒரு கணத்தில் நான் செத்துப் பிழைத்தேன். பிறகு அவர் வாத்தியாரிடம், “அவன்றெ முகத்துந்நு கை எடுக்கெடோ” என்றார். அவன் முகத்திலிருந்து கையை எடு என்று. என் தாளைத் திருப்பிக் கொடுத்தார். போன நேரத்தைக் கடைசியில் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். அடுத்த பரீட்சைகளுக்கு வேறு வாத்தியார் வந்தார்.

நீ பாஸானாய். கணக்கில் ஒட்டிக்கொண்டு, மற்றதில் நன்றாகவே. சித்தப்பா வரவில்லை. தோட்டத்தில் எல்லோரும் மனு எழுத உன்னிடம் வர ஆரம்பித்தார்கள். நீ சொல்வாய், நான் எழுதுவேன். ஐயா எஸ்டேட் ஆபீசில் அதைக் கொடுக்கும்போது, “எம் மகன் சொல்லி எழுதுனது” என்பார். அந்தக் காலம் கொஞ்சநாள்தான்.

எனக்குப் பாலக்காட்டில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. “ஓ… ஓ…” என்று என்னை விரட்டினாய். போ போ என்று. அந்த ஆடி மழையில் உனக்கு நெஞ்சில் சளி கட்டியது. பாதை சரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கவே தாமதமாகிவிட்டது. எனக்குச் செய்தி வந்து, நான் பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்ந்தபோது உன்னைப் புதைத்துவிட்டிருந்தார்கள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஐயாவும் அத்தையும் இப்போது இல்லை, அதனால் சொல்கிறேன்.

நீ போன அன்று அத்தை சுடுதண்ணீர் வாங்கக் கீழே போயிருந்ததாம். ஐயா பணம் புரட்டப் போயிருந்தாராம். பக்கத்துக் கட்டில்காரர் ஐயாவிடம் சொல்லியிருக்கிறார்: “ஒங்க மகன் கடேசி வரைக்கும் ‘ஐயா, ஐயா’ன்னு ஒங்களத்தான் கூப்புட்டுக்கிட்டே இருந்தாரு. நர்ஸம்மா வந்து சரி சரின்னு தலையாட்டிட்டுப் போனாங்க.” ஐயா அதை என்னிடம் சொல்லும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “என்னையத்தான் தேடிருக்கான் தவமணி. நான் அவனக் கோயில் வாசலுக்கு அனுப்பச் சம்மதிச்சவன். என்னையத்தான் தேடிருக்கான்” என்றார்.

ஐயா என்று உனக்குச் சொல்ல வரும். அதில் ‘ப’வும் இல்லை, ‘ம’வும் இல்லை. ஆனால் அண்ணே, ‘பயமா’ என்ற சொல்லும் உன் வாயில் ‘அயா’ என்றுதானே வரும்? அதுவும் மூச்சுத் திணறும்போது? அத்தையை விட்டால் இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்த ஒரே காது பாலக்காட்டில் ஒரு வகுப்பறையில் இருந்தது. நீ ஐயாவைக் கூப்பிட்டாயா? பயமாயிருக்கிறது என்று சொன்னாயா? சொன்னபோது தலையைப் பின்னால் சாய்த்தாயா? அதைக் கேட்க அங்கே ஆளில்லை. நான் ஐயாவிடம், “ஆமா மாமா, அண்ணன் உங்களத்தான் கூப்ட்ருக்கும்” என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்குப் பிறகு, புரியாதபடி பேசுகிற யாரையும் என்னால் கடந்துபோக முடிந்ததில்லை. வகுப்பில் முணுமுணுக்கிற பிள்ளையை விடமாட்டேன். இந்த வயதிலும் அந்த அறைக்குப் போவது அதனால்தான்.

பயந்த குரல் வேறு குரல் என்பதை நீதான் எனக்குக் காட்டினாய். அதனால் போன வாரம் கௌசல்யாவைப் பரீட்சை நடக்கப்போகிற அறைக்கே கூட்டிப்போனேன். அவளுக்குத் தெரியாத இரண்டு டீச்சர்களை எதிரில் உட்காரச் சொன்னேன். கருவிக்கு அந்தக் குரலும் பழகட்டும் என்று. அவள் வரலாற்று விடை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். மின்விசிறி கடகடத்தது. திரையில் சம்பந்தமில்லாத சொற்களாக வந்து விழுந்தன. அவள் அதைப் பார்த்தாள், குரல் உடைந்தது, உடைந்ததும் இன்னும் மோசமாக எழுதியது. நான் கருவியை நிறுத்தப் போனேன். அதற்குள் அவள் என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இப்போது என் காதும் பழையபடி இல்லை. அந்தக் குப்பைச் சொற்களுக்குக் கீழே கடைசி வரியாகத் திரையில் வந்தது:

பயமா இருக்குங்க டீச்சர்.

ஓர் எழுத்து பிசகவில்லை. நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்கும்தான் கண்ணு” என்றேன். அப்புறம் அவளாகவே ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். எல்லாம் சரியாக வரவில்லை. பாதி வந்தது. மறுநாள் பாதிக்கு மேல் வந்தது.

திங்கட்கிழமை மின்சாரம் போகலாம். கருவி மக்கர் செய்யலாம். எதிரில் உட்காருகிறவர் சந்தேகப்படலாம். கருவி நின்றால் கேட்டு எழுத ஒரு பெண்ணுக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன். அவளையும் தினமும் கௌசல்யாவோடு உட்கார வைத்து அந்தக் குரலைப் பழக்கியிருக்கிறேன். கதவுக்கு வெளியே நான் இருப்பேன். இதற்கு மேல் என்ன செய்ய முடியும், சொல்லு.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணே. அவள் சொல்வது எனக்குப் புரியவில்லை என்றால், புரிந்தமாதிரி ஒருநாளும் தலையாட்ட மாட்டேன். “மறுபடி சொல்லு கண்ணு” என்று கேட்பேன். விளங்குகிறவரை கேட்பேன். மனுஷர் கேட்டாலும் சரி, கருவி கேட்டாலும் சரி, அந்தப் பிள்ளை வாயிலிருந்து வருவது தரையில் விழ நான் விடமாட்டேன்.

கூடப் பிறக்காவிட்டாலும் என்றைக்கும்,
உன் தங்கச்சி,
தவமணி